திருக்கயிலாயமும் திபெத்து மலையும்: ஓர் ஆராய்ச்சி

திருக்கயிலாயம் என்னும் பெயரினும் சைவர் செவிக்கு இனியது பிறிதொன்றில்லை. சேக்கிழார் பெருமான் தம் பெருங்காப்பியத்தைத் திருமலைச் சிறப்பொடு தொடங்கி வெள்ளானைச் சருக்கத்தொடு நிறைவித்தார். கயிலையிற் புறப்பட்ட வரலாறு கயிலையிற் சென்றே முற்றுகின்றது. நம் ஆசாரிய மரபும் திருக்கயிலாய பரம்பரை எனப் பெயர் பூண்டு விளங்குகின்றது. நந்தியெம்பெருமான், சனற்குமாரர், சத்தியஞான தரிசனிகள், பரஞ்சோதி மாமுனிவர் என்னும் அகச்சந்தான குரவர் நால்வர் வழியாகவே மெய்கண்ட தேவர்க்கு உபதேசம் வந்தது என்பர் பெரியோர். திருமூல நாயனாரும் கயிலையினின்று தென்னாடு போந்தவராகவே போற்றப்படுகின்றார். இத்துணைப் பெருமை வாய்ந்த மலையைக் குறித்து இக்காலத்து இருவகைக் கொள்கைகள் உலவுகின்றன. இரண்டும் திருமுறையை ஆழ நோக்காமையான் எழுந்தன என்பது எமது கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது கொள்கை, யாத்திரைக்கு ஆள் சேர்ப்பார் வெளியிடும் சிறு நூல்களிலும் துண்டறிக்கைகளிலும் கைபேசி வழியே பரவும் செய்திகளிலும் காணப்படுவது. திபெத்திலுள்ள மலை மனிதர் எவராலும் ஏறலாகாத அற்புத ஆற்றலுடையது. அதனருகே தங்கினார்க்கு நகமும் மயிரும் சின்னாளில் விரைந்து வளரும். நான்கு பேராறுகள் அதன் அடியினின்றே தோன்றும். அதனைக் கண்ணாற் காணாதவன் பிறவி வீண் என்றின்னோரன்ன பல இதன்கண் அடங்கும். இரண்டாவது கொள்கை வரலாற்றாசிரியர் சிலரது. திபெத்து மலையைக் கயிலாயம் எனக் கொண்டு இந்துக்கள் பெருந்தொகையாய்ச் செல்லுதல் மிகப் பிற்காலத்து வழக்கம் என்றும், பழைய நூல்களிற் கூறிய கயிலாயம் ஓரிடத்து நிலைபெறாத புனைவு மலை என்றும் அவர் கூறுவர். இதனைக் கேட்ட நம்மவருட் சிலர், கயிலையே இல்லையாயின் திருமுறை பொய்யாமோ என மனங்கலங்குகின்றனர். கலங்குதற்கு இடமின்மையைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கண்கூடாகிய மலையின் இயல்பைக் காண்பாம். அது மேலைத் திபெத்தில், மானசரோவரம் என்னும் ஏரிக்கு வடக்கே, 6638 மீட்டர் உயர்ந்து நிற்பது. ஏரியோ கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4590 மீட்டர் உயரத்திலுள்ளது. மலையை வலம் வரும் வழி ஏறக்குறைய 52 கிலோமீட்டர். அவ்வழியில் டோல்மா கணவாய் 5600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தது. கூழாங்கற்கள் இறுகிய படிவுப்பாறை அடுக்கடுக்காய் அமைந்தமையின், பனி படிந்த காலத்து அதன் தென்முகம் படிகள் செதுக்கினாற் போலத் தோன்றும். காண்பார் கைதாமே குவியும் தோற்றத்தது அம்மலை என்பதில் ஐயமில்லை.

இனி, முதற் கொள்கையினர் கூறும் அற்புதங்களை ஆராய்வாம். ஏறலாகாமை மலையின் ஆற்றலால் நேர்ந்ததென்பர். அம்மலையின் தெற்கே ஏரிக்கு அப்பால் நிற்கும் குர்லா மாந்தாதா 7694 மீட்டர் உயர்ந்தது. அதன் உச்சியை 1985-ஆம் ஆண்டில் மலையேறுவோர் அடைந்தனர். ஆயிரம் மீட்டர் மிக்க மலையை ஏறினார்க்குக் குறைந்த மலை ஏறலாகாத தென்பது பொருந்துமோ? 1926-ஆம் ஆண்டில் அதனை வலம் வந்த ரட்லெட்ஜ் என்னும் ஆங்கிலேயர் வடமுகம் ஏறுதற்கரியது என்று எழுதினார். பின்னர் மலையேற்றத்தில் உலகப் புகழ் பெற்ற ரெயின்ஹோல்ட் மெஸ்னர் என்பார், சீன அரசினர் இசைவு தரவும், பலர் தெய்வமாகக் கொண்டதனை மிதித்தல் தகாதென விடுத்தனர். ஆகவே அதன் உச்சி மிதிபடாது நிற்றல் பெரிதும் மாந்தர் தம் அடக்கத்தால் விளைந்தது. அற்புதம் எனப் புனைந்துரைப்பதினும் இவ்வடக்கம் நமக்கு உவப்புத் தருவதன்றோ?

நான்கு ஆறுகள் பற்றிய கூற்றும் திருத்தத்திற்குரியது. சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா, கர்னாலி என்னும் நான்கன் தலைப்புக்களும் அந்நிலப்பகுதியைச் சூழ்ந்தே உள்ளன. அவை மலையடியினின்றே பிறப்பன அல்ல. 1907-ஆம் ஆண்டில் ஸ்வென் ஹெதின் என்பாரும், பின்னர் அங்கே பல்லாண்டு தங்கிய சுவாமி பிரணவானந்தரும் ஆற்றுத் தலைகளைத் தேடி ஆராய்ந்து எழுதியுள்ளனர். நகமும் மயிரும் வளர்தல் என்பது ஆகமத்தினும் இல்லை, புராணத்தினும் இல்லை, கண்டறிந்தார் உரையினும் இல்லை. இல்லாததனை இறைவன்மேல் ஏற்றிக் கூறுதல் பத்தியாகாது.

இனி, இரண்டாவது கொள்கையைக் காண்பாம். அலெக்ஸ் மக்கே என்னும் வரலாற்றாராய்ச்சியாளர் கயிலாயத்தின் வரலாறுகள் குறித்து ஆங்கிலத்தில் ஒரு பெருநூலினை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர் கொண்ட முடிபின் சாரம் இது: பழைய வடமொழி நூல்களில் கயிலாயம் தெய்வங்கள் உறையும் மேனிலை மலையாகவே பேசப்பட்டது, அப்பெயர் இமயத்துப் பல மலைகட்கு வழங்கிற்று, திபெத்திலுள்ள ஒன்றே கயிலாயம் எனும் உறுதி இருபதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மேலைத் திபெத்தில் கார்த்தோக்கு என்னும் ஊர் வாணிகத்திற்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அல்மோரா நாட்டு அதிகாரியாகிய ஷெர்ரிங் அங்குச் சென்று 1906-இல் நூல் எழுதினர். அதன் பின்னரே யாத்திரிகர் தொகை மிக்கது என்பது அவர் காட்டும் வழி.

இதன்கண் கொள்ளத்தக்கன பல உள. கின்னரக் கயிலாயம், ஆதி கயிலாயம், மணிமகேசக் கயிலாயம், சிரீகண்ட மகாதேவர் மலை எனப் பல சிகரங்கள் இன்றும் கயிலைப் பெயரால் வழிபடப்படுகின்றன. மகாபாரதத்து வனபருவத்தில் பாண்டவர் செல்லும் கயிலாயம் பதரியைச் சார்ந்த நிலப்பகுதியில் வைத்துப் பேசப்படுகின்றது. ஆண்டுக் குபேரன் உறைவிடமும் கூறப்படும். ஆதலின் அப்பெயர் ஒரு சிகரத்திற்கே பண்டுதொட்டு உரியதென்பார் இவற்றிற்கு விடை கூறல் வேண்டும்.

எனினும், பழையோர் கயிலாயத்தை நிலத்தொடு சிறிதும் தொடர்பின்றிப் புனைந்தனர் என இந்நூலின் வழியே எவரேனும் துணிவராயின், அது மிகையாகும். என்னை? வான்மீகி இராமாயணப் பாலகாண்டத்தில், கயிலாய மலைக்கண் பிரமன் மனத்தாற் படைத்த மானச வாவியினின்று சரயு நதி தோன்றிற்று எனப்படுகின்றது. இதனைப் புனைவெனத் தள்ளுவார் நிலப்படத்தை நோக்குக. நான்கு ஆறுகளுள் ஒன்றாகிய கர்னாலி, மானசரோவரத்திற்குத் தெற்கே அப்பகுதியிலே தோன்றி நேபாளத்தினூடு இழிந்து காக்ரா என்னும் பெயர் பெறும். அதுவே அயோத்தியின் அருகே சரயு எனப்படுவது. ஏரியினின்றே பிறவாவிடினும் ஏரியின் அயலினின்று வருவதாதலின், அயோத்தியிலிருந்து ஆற்று வழியே வடக்கு நோக்கிச் சென்றார் கேள்வி ஒன்று அந்நூலுள் உறைந்துள்ளது என்று கொள்ளுதல் தகும். காளிதாசரும் மேகதூதத்தில் அளகாபுரியைக் கயிலையின் சாரலிலும், மானச வாவியை அதனை அடுத்தும் வைத்தனர். ஆகவே மலையும் வாவியும் இணைந்த ஒரு வடநிலம் முன்னோர் அறிவில் இருந்தது; அதன் எல்லையும் சிகரமும் வரையறுக்கப்படவில்லை. இதுவே நடுநின்று கூறத்தக்க முடிபு.

பிற சமயத்தார் கூறும் வரலாறுகளும் நோக்கத்தக்கன. சைனர் அட்டாபதம் என்னும் மலையில் இருடபதேவர் வீடெய்தினர் என்பர். அதனைக் கயிலையொடு ஒன்றுபடுத்தி வழங்குவர். திபெத்துப் பௌத்தர் அம்மலையைச் சக்கரசம்வரன் என்னும் தெய்வத்தின் உறைவிடமாகக் கொண்டு வலமாகச் சுற்றுவர். அவர்க்கு முற்பட்ட பொன் சமயத்தார் இடமாகச் சுற்றுவர். பௌத்த யோகியாகிய மிலரேபரும் பொன் சமயத்து நாரோ பொன்சுங்கும் உச்சியை முன்னர் அடைவார் யார் எனச் சூள் மேற்கொண்டனர் என்றும், மற்றவன் தன் மேளத்தின்மேல் ஏறி விரையவும், யோகி ஞாயிற்றுக் கதிரொடு உச்சியை எய்தினர் என்றும் அவர் கதை கூறும். அக்கதையிலும் உச்சி கால்நடையாய் அடையப்படவில்லை என்பது கருதத்தக்கது. இந்நான்கு நெறியாரும் ஒரு மலையை நோக்கி வணங்கி நிற்றல், வேறு எம்மலைக்கும் எளிதிற் காணலாகாத சிறப்பு.

இனி, நம் தமிழ் நூல்கள் கூறுவன யாவை எனக் காண்பாம். இறைவனும் உமையும் வீற்றிருந்த மலையைப் பத்துத் தலை அரக்கன் எடுக்கலுற்றுத் துன்புற்ற செய்தி, தொகை நூல்களுள் ஒன்றாகிய கலித்தொகையில் குறிஞ்சிக் கலியில் உவமையாக வந்துள்ளது. ஆண்டு இமயம் இறைவன் வளைத்த வில்லாகக் கூறப்பட்டது. அவன் இருந்த மலையோ உயர்ந்த மலை என்னும் அளவிற் கூறப்பட்டது. கயிலை என்னும் பெயர் அங்கு இல்லை. ஆளுடைய பிள்ளையாரோ தம் பதிகங்களின் எட்டாந் திருப்பாட்டுத்தோறும் பெரும்பான்மையும் இவ்வரலாற்றை அமைத்து, அம்மலையைக் கயிலை எனப் பலகாலும் பெயர் கூறி வழங்கினர். எனவே வரலாறு முன்னரே தமிழில் வேரூன்றியிருந்தது. பெயர் அதனொடு பின்னர் உறுதியாகப் பிணைந்தது என்பது பெறப்படும். சுந்தரமூர்த்தி நாயனார் அதனை நொடித்தான்மலை என்றனர். அப்பெயர் மலையின் நிறமும் வடிவும் திசையும் பற்றியதன்று. அதனையுடைய பெருமானைப் பற்றியது. உடையானைக் கொண்டே மலையை அறிதல் நம் மரபு என்பதற்கு இப்பெயரே சான்று.

அன்றியும், திருஞானசம்பந்தப் பெருமான் கயிலையைப் பாடியது எங்கிருந்து? திருக்காளத்தியிலிருந்தே வடநாட்டுத் தலங்களைப் பாடியருளினர் எனச் சேக்கிழார் கூறுவர். அவர் கயிலைக்கு எழுந்தருளவில்லை. எழுந்தருளாமையை அடியார் எவரும் குறையாகக் கருதவும் இல்லை.

கயிலைக்குச் சென்றாராகப் பெரிய புராணம் கூறுவோர் வரலாற்றை அடைவே நோக்குவார்க்கு ஓர் அரிய உண்மை புலனாகும். காரைக்காலம்மையார் அம்மலையைத் தாளால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து சென்றனர். இறைவன் அவரை அம்மையே என்றழைத்து, வேண்டிய வரமெல்லாம் ஈந்தனன். ஈந்தபின் கயிலையில் இருத்தினனோ? இல்லை, தன் ஆடலைக் காணுமாறு தென்னாட்டுத் திருவாலங்காட்டிற்கே செல்லப் பணித்தனன்.

திருநாவுக்கரசர் வரலாறு இதனினும் விரிவுடையது. திருக்காளத்தியினின்று புறப்பட்ட அவர் திருப்பருப்பதமும், தெலுங்கு கன்னட நாடுகளும், மாளவமும், இலாடமும் கடந்து வாரணாசி சேர்ந்தனர் எனச் சேக்கிழார் நாடு நாடாகப் பெயர் கூறிச் செல்கின்றார். உடன் வந்தாரைக் காசியில் விடுத்துத் தனியே சென்றபின் ஒரு நாட்டின் பெயரேனும் ஓர் ஊரின் பெயரேனும் கூறுகின்றாரல்லர். கானும் மலையுமே கூறப்படுகின்றன. தாள் தேய, கை தேய, மார்பு தேயச் சென்ற அடியாரின் உடம்பே வழியின் அளவு காட்டுகின்றது. சோழ நாட்டு அமைச்சராய் இருந்து நாடுகளின் எல்லை நன்கறிந்த புலவர், அறிந்த மட்டும் பெயர் கூறி அறியலாகாத இடத்து வாளா இருந்தனர். வரலாற்றாசிரியர் இன்று ஆராய்ந்து கூறும் வேறுபாட்டை, அதாவது நடந்து சேரும் நிலத்திற்கும் நடையால் எய்தாத கயிலைக்கும் உள்ள வேறுபாட்டை, எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே அவர் தம் செய்யுள் அமைப்பிற் காட்டிவிட்டனர்.

இறைவன் முனிவர் வடிவில் எதிர்ப்பட்டு, மானுட உடம்பொடு கயிலை அணுகலாகாது என்று கூறி, மீளாது நின்ற அரசரை ஒரு தடாகத்தில் மூழ்கப் பணித்தனன். மூழ்கிய அவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி கிட்டியதும் அங்கேயே. ஆண்டுக் களிறும் பிடியுமாய், சேவலும் பெடையுமாய் இணைந்து வருவனவெல்லாம் சிவமும் சத்தியுமாகத் தோன்றக் கண்டு பதிகம் பாடினர். ஆடி அமாவாசைதோறும் அவ்வூரில் அக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. முதலாம் இராசராசன் தேவியாராகிய உலோகமாதேவியார் அக்கோயிலுள் எடுப்பித்த கற்றளி வடகயிலாயம் என வழங்குகின்றது. காவிரிக் கரையில் வடகயிலாயம் எங்ஙனம் அமையும் என ஐயுறுவார் அப்பர் சரிதத்தைக் கற்றாரல்லர்.

சுந்தரரோ எனின், அவர் ஆலாலசுந்தரராய்க் கயிலையில் முன்னரே இருந்து போந்தவர். மீண்டு சென்றது தம் இடத்திற்கே. அவரும் அழைப்பு வந்தபின் வெள்ளானைமேல் விசும்பிற் சென்றனர். சேரமான் பெருமாள் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தோதி உடன் சென்றனர். ஆண்டுப் பாடப்பட்ட நூல்களும் அங்கே தங்கினவல்ல. சுந்தரர் பாடிய பதிகம் திருவஞ்சைக்களத்திற்கும், சேரமான் பாடிய ஞானவுலா மாசாத்தனாரால் திருப்பிடவூருக்கும் வந்து சேர்ந்தன. சென்ற அம்மையும் அப்பரும் தென்னாட்டுத் தலங்கட்கே திருப்பப்பட்டனர். சென்று தங்கினார் பாட்டும் தென்னாட்டிற்கே மீண்டது. கயிலை தன்பால் வந்தாரை இத்தலங்கள்பால் விடுப்பது என்பதே இவ்வரலாறுகளெல்லாம் ஒருவாய்ப்படக் கூறும் பொருள்.

இது சித்தாந்தத்திற்கும் இயைந்ததே. இடம் என்பது முப்பத்தாறு தத்துவங்களுள் அடங்குவது. வீடுபேறோ தத்துவங் கடந்தது. சரியை, கிரியை, யோகம் என்பவற்றாற் பெறும் சாலோக, சாமீப, சாரூபங்கள் பதமுத்தி எனப்படும். ஞானத்தாற் பெறும் சாயுச்சியமே பரமுத்தியாகும். சீகண்ட பரமேசுரன் எழுந்தருளிய கயிலை அடியார்க்கு அருளிடமாகும். அதனை அடைதல் ஒன்றே முடிந்த பேறு என்பது மெய்கண்டார் நெறியன்று. எங்கும் நீக்கமற நிறைந்த பொருளைக் காணுதற்கு நீக்க வேண்டுவது மலமே, தூரமன்று.

அற்றேல், திபெத்து மலைக்கு யாத்திரை செல்வது வீணோ எனின், அன்று. தலமும் தீர்த்தமும் வணங்கல் சரியையின்பாற் படும். அன்பொடு செல்வார் அன்பிற்கேற்ற பயன் பெறுவர். யாம் மறுப்பது, செல்லாதார்க்குப் பிறவி வீண் என அச்சுறுத்தும் உரையையே. அதன் தீங்கு சொல்லளவில் நிற்பதன்று. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மால்பா என்னுமிடத்து மலை சரிந்தபொழுது இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் ஏறத்தாழ அறுபதின்மர் கயிலை யாத்திரிகர். அவர் அன்பை இகழ எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும், உடல் நலம் குன்றிய முதியோரும், கடன் பட்டுப் பொருள் தேடும் எளியோரும், காணாது இறப்பின் கதியில்லை என்னும் அச்சத்தால் அவ்வுயர்ந்த குளிர்நிலத்திற்குச் செல்லத் துணிவாராயின், அவ்வச்சத்தை விதைத்தவரே அதற்கு விடை கூறல் வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கந் தொட்டு 1981 வரை அவ்வழி இந்திய யாத்திரிகர்க்கு அடைபட்டிருந்தது. 2020 முதல் ஐந்தாண்டு மீண்டும் நின்று, 2025-ஆம் ஆண்டிலேயே திறந்தது. அரசர் தம் உடன்பாட்டால் திறந்தும் மூடியும் நிற்கும் ஒரு வழியில் உயிர்களின் வீடுபேற்றைச் சிவபெருமான் வைத்தனன் என்று கூறுதல் அவன் பேரருளுக்கு இழுக்காகும். வழி மூடிய அக்காலத்தும் திருவையாற்றிலும் திருவாலங்காட்டிலும் வழிபாடு நின்றதில்லை.

ஆகவே, அத்திபெத்து மலை நால்வகை நெறியாரும் வணங்கும் பெருமையுடையதென்பதும், கயிலைப் பெயர் அதற்கே வரையறுக்கப்பட்டது பிற்காலத்ததென்பதும், அவ்வரையறையை எதிர்நோக்கித் திருமுறை நிற்கவில்லை யென்பதும் துணியப்படும். வரலாற்றாராய்ச்சியைக் கண்டு சைவர் அஞ்ச வேண்டுவதில்லை. பொய்யான அற்புதங்களை அதற்கெதிராக நிறுத்தவும் வேண்டுவதில்லை. செல்ல வல்லார் மருத்துவர் சொற்கேட்டுச் சென்று வணங்குக. செல்ல மாட்டாதார் தம் ஊர்ச் சிவாலயத்தை வலம் வந்து, அப்பர் ஐயாற்றிற் பாடிய பதிகத்தை ஓதுக. அவர்க்குக் கயிலைக் காட்சி கிட்டியது ஆண்டேயாதலின்.

திருச்சிற்றம்பலம்.